அஷ்டமி, நவமி, அந்தமான்

அந்தமானிலிருந்து திரும்பி மூன்று வாரம் ஆகிறது. லிஃப்டில் பார்ப்பவர்கள், அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர், அண்ணி என்று எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "எத்தனை இடம் பார்த்தீங்க?" பாராடாங் சுண்ணாம்புக் குகை? போகவில்லை. சேற்று எரிமலை? இல்லை. கடலுக்கடியில் போய் மீனோடு போட்டோ? அதுவும் இல்லை. அப்படியென்றால் ஒன்பது நாள் என்னதான் செய்தீர்கள்? ஒரு பாறையைப் பார்க்க ஒரே தீவுக்கு இரண்டு தடவை போனோம் என்று சொன்னால், கேட்டவர் முகத்தில் ஓர் இரக்கம் வருகிறது. ஏமாந்துவிட்டு வந்தவளைப் பார்க்கும் இரக்கம். லிஃப்ட் மூன்றாவது மாடியைத் தாண்டுவதற்குள் இந்தக் கதையைச் சொல்லி முடிக்க முடியாது. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

எல்லாம் அம்மாவின் தினசரி காலண்டரில் ஆரம்பித்தது. எனக்கும் கணவருக்கும் ஒரே வாரத்தில் விடுப்பு கிடைப்பது அபூர்வம். கிடைத்ததும் அம்மாவையும் சேர்த்து மூன்று டிக்கெட் போட்டேன், திதி பார்க்கவில்லை. அம்மா பார்த்தார். "தேய்பிறை அஷ்டமி. அன்னைக்கு யாராவது கெளம்புவாங்களா?" விமானத்துக்கு அஷ்டமி நவமி தெரியாது என்று நான் சொன்னது எனக்கே புத்திசாலித்தனமாகப் பட்டது. அதோடு அம்மாவுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. அந்த அஷ்டமிக்கு ஏழாம் நாள் தை அமாவாசை. அப்பா போய் நான்கு வருடம் ஆகிறது. தர்ப்பணம் கொடுப்பது அண்ணன்தான் என்றாலும், அன்றைக்கு வீட்டில் இருந்து, விரதம் இருந்து, சமைத்துப் படைப்பது அம்மாவின் வேலை. முந்தின நாளே திரும்பிவிடுவோம் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். "சரி, உன் இஷ்டம்" என்றார். எங்கள் வீட்டில் இதைவிடக் கடுமையான வாக்கியம் கிடையாது.

போர்ட் பிளேரில் முதல் நாள் எல்லோரும் செய்வதைச் செய்தோம். 2024-லிருந்து அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். நாங்கள் பேசிய யாருடைய வாயிலும் அது இன்னும் ஏறவில்லை. செல்லுலார் சிறையைப் பற்றி எழுத வேண்டியதில்லை, பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் ஊருக்கு வெளியே சிப்பிகாட் என்ற இடத்தில் வண்டி ஓட்டிவந்த தமிழ்த் தம்பி காட்டிய ஒன்றைச் சொல்ல வேண்டும். சாலையோரம் பரந்த நீர்ப்பரப்பு, நடுவில் பட்டுப்போன மரங்கள், கொக்குகள். ஏரி என்று நினைத்தேன். "வயல்க்கா இது" என்றான். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் தரை ஏறக்குறைய ஒரு மீட்டர் கீழே இறங்கிவிட்டது. சுனாமி வந்து போய்விட்டது, ஆனால் இறங்கிய தரை இறங்கியதுதான். அன்றிலிருந்து கடல் ஏறும்போதெல்லாம் உப்புத் தண்ணீர் உள்ளே வந்துபோகிறது. வட அந்தமான் பக்கம் இதற்கு நேர்மாறு. அங்கே தரை மேலே எழும்பி, பவளப்பாறைகள் நீருக்கு வெளியே வந்து, வெயிலில் காய்ந்து செத்தன. கடல் மட்டம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது அதை அளவுகோலில் போட்ட கோடு மாதிரி நினைத்திருந்தேன். கடலும் அசையும், தரையும் அசையும் என்றால் கோடு எங்கே நிற்கும்? அப்போது இதை இவ்வளவு யோசிக்கவில்லை. பசி நேரம்.

ராமாயணத் தீவு

அடுத்த நாள், நவமியன்று, கப்பலில் நீல் தீவுக்குப் போனோம். 2018-ல் அதற்கு ஷஹீத் த்வீப் என்று பெயர் மாற்றினார்கள். பலகையில் அந்தப் பெயர், வாயில் நீல். சிறிய தீவு, ஸ்கூட்டரில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போகப் பாதி மணி நேரம்கூட ஆகாது. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகளாக வந்த வங்காளிக் குடும்பங்களை இங்கே குடியமர்த்தினார்கள். அவர்கள் காட்டைத் திருத்திக் காய்கறி போட்டார்கள். இன்றும் அந்தமானுக்குக் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் இங்கிருந்து போகின்றன. ஊர்ப் பெயர்கள் சீதாபூர், பரத்பூர், லக்ஷ்மண்பூர், ராம்நகர். அம்மா ஒவ்வொன்றாக விரல் விட்டு எண்ணிவிட்டு, "சத்ருக்னனை இங்கயும் மறந்துட்டாங்க" என்றார். அஷ்டமியில் கிளம்பிய பிறகு அவர் சொன்ன முதல் சிரிப்பான வார்த்தை அது.

நாங்கள் பார்க்க வந்தது லக்ஷ்மண்பூர் இரண்டாம் கடற்கரையில் இருக்கும் இயற்கைப் பாலம். அலை குடைந்து குடைந்து நடுவில் ஓட்டை போட்டுவிட, மேலே வளைவு மட்டும் மிஞ்சிய பாறை. அந்தக் காலத்து வங்காளிகள் ஊர் நினைவில் அதை ஹௌரா பாலம் என்று கூப்பிட்டார்கள். படத்தில் பார்த்திருப்பீர்கள்: பச்சைச் செடி தலைமேல் தொங்கும் வளைவு, அதற்குக் கீழே வெறும் கால்களோடு நடந்துபோகும் குடும்பம், சுற்றிலும் கண்ணாடித் துண்டுகள் போல் நீர்க்குட்டைகள்.

மதியம் மூன்று மணிக்கு நாங்கள் போய் நின்றபோது குட்டையும் இல்லை, குடும்பமும் இல்லை. கடல் பாறையின் இடுப்புவரை நின்றுகொண்டிருந்தது. வளைவின் வாய்க்குள் அலை போய் அடித்து நுரையாகத் திரும்பியது. எங்கள் பயணத் திட்டத்தை அச்சடித்துக் கொடுத்த ஏற்பாட்டாளர், "மாலை 3 முதல் 4 வரை: இயற்கைப் பாலம்" என்று அழகாகப் போட்டிருந்தார். எல்லா வாரமும் எல்லோருக்கும் அதே தாள்தான் போலிருக்கிறது. கணவர் கைபேசியில் ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறி இறங்கும் நேரக் கணக்கைத் தேடினார். சிக்னல் ஒரு கோடு வந்தது, போனது.

பாதையின் முனையில் நின்றிருந்த வழிகாட்டி வங்காளி, ஐம்பது வயதிருக்கும். எனக்கு இந்தி அரைகுறை, அவருக்குத் தமிழ் நாலைந்து சொல். "தீதி (அக்கா), இன்றைக்கு வேண்டாம். மரா கோட்டால்" என்றார். புரியவில்லை. கையால் நீரைத் தட்டிக் காட்டி, மறுபடி, "மரா. செத்தது. அஷ்டமி, நவமி" என்றார்.

அம்மாவின் தலை சட்டென்று திரும்பியது.

அடுத்த பத்து நிமிடம் நடந்ததை நான் ஓரமாக நின்று பார்த்தேன். பொதுவான மொழி ஒன்றுகூட இல்லாத இரண்டு பேர் திதிகளில் பேசிக்கொண்டார்கள். அவர் "ஆஷ்டமி" என்கிறார், அம்மா "ஆமா, நேத்து அஷ்டமி" என்கிறார். அவர் உள்ளங்கையைக் கீழே இறக்கி, "ஓமாபோஷ்யா" என்கிறார். அம்மா "அமாவாசை" என்று திருத்துகிறார். கைப்பையிலிருந்து உள்ளங்கை அளவு பாக்கெட் பஞ்சாங்கத்தை எடுக்கிறார். (அது பயணத்துக்கு வந்திருப்பதே எனக்குத் தெரியாது.) வழிகாட்டிக்குத் தமிழ் எழுத்து தெரியாது, ஆனால் ஓரத்தில் அச்சாகியிருந்த கறுப்பு வட்டம் தெரிந்தது. அதன்மேல் விரலை வைத்து, பிறகு கடலைக் காட்டி, கையை வீசி தூரத்தை அளந்தார். அவ்வளவு தூரம் தண்ணீர் போகும் என்று அர்த்தம்.

நானும் கணவரும் ஆளுக்கொரு கைபேசியோடு நின்றுகொண்டிருந்தோம்.

இரண்டு நாழிகை

அன்று இரவு மின்சாரம் போய்விட, விடுதி வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். தேய்பிறை நவமி, நிலா வர நள்ளிரவு தாண்டும். எப்போது வரும் என்று நான் சும்மா கேட்டேன். "பௌர்ணமிக்கு மறுநாள்லேருந்து தினம் ரெண்டு நாழிகை தள்ளி வரும், நீயே எண்ணிக்கோ" என்றார் அம்மா. பாட்டி சொன்ன கணக்காம். கிராமத்தில் கடிகாரம் இல்லாத வீட்டில் அதுதான் இரவுக் கடிகாரம்.

எண்ணிப் பார்த்தேன். ஒரு நாழிகை 24 நிமிடம், இரண்டு நாழிகை 48. நிலா ஒரு நாளைக்குச் சராசரியாக 50 நிமிடம் தாமதமாகிறது என்று புத்தகத்தில் படித்தது ஞாபகம் வந்தது. கடலின் ஏற்றமும் இறக்கமும் அதே 50 நிமிடம்தான் தினமும் தள்ளிப்போகும். அப்புறம் இன்னொன்று தோன்றியது. திதி என்பது என்ன? சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே 12 பாகை விலகல் கூடினால் ஒரு திதி. பூமி ஒரு பாகை சுற்ற நான்கு நிமிடம், 12 பாகைக்கு 48 நிமிடம். அதாவது அதே இரண்டு நாழிகை. அம்மா தினமும் காலையில் கிழிக்கும் தாளில் ஒரு ஓத அட்டவணை இருந்திருக்கிறது. இத்தனை வருடம் அதே தாளில் வேர்க்கடலை மடித்துச் சாப்பிட்டிருக்கிறேன்.

அஷ்டமி இன்னும் சுவாரசியம். எட்டாவது திதி 84 பாகையில் தொடங்கி 96-ல் முடிகிறது. நட்டநடுவில் 90, சரியான செங்கோணம். சூரியன் ஒரு பக்கம் இழுக்க, சந்திரன் அதற்குக் குறுக்கே இழுக்கிறது. கடலை இழுப்பதில் சூரியனின் பங்கு சந்திரனுடையதில் பாதிக்குச் சற்றுக் குறைவு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் அந்தப் பாதி கூடுகிறது, அஷ்டமியில் கழிகிறது. கழிந்ததன் விளைவு கடலில் முழுசாகத் தெரிய ஒன்றிரண்டு நாள் பிடிக்கும், அதனால் நவமி, தசமியில்தான் கடல் மிகவும் சோம்பலாக இருக்கும். வங்காளிகள் அதைச் செத்த ஓதம் என்கிறார்கள். போர்ட் பிளேர் பக்கம் அமாவாசையை ஒட்டி ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் வரும். அஷ்டமிக்குப் பிறகு அதில் பாதிகூட இருக்காது. சென்னையிலோ அமாவாசையிலேயே சுமார் ஒரு மீட்டர்தான். மெரினாவில் வளர்ந்த எனக்குக் கடல் என்றால் எப்போதும் ஒரே இடத்தில் நிற்பது. திருச்செந்தூரில் அமாவாசை, பௌர்ணமி தவறாமல் "கடல் உள்வாங்கியது, பக்தர்கள் அச்சம்" என்று செய்தி வரும்போது, இவர்கள் ஒவ்வொரு மாதமும் எதற்குப் புதிதாகப் பயப்படுகிறார்கள் என்று கேட்கக்கூடத் தோன்றியதில்லை.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். "நம் முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை" என்று தொடங்கும் வாட்சப் தகவல்களின் கூட்டத்தில் சேரும் உத்தேசம் எனக்கு இல்லை. அஷ்டமி நவமியில் பயணம் கூடாது என்பதற்குக் கடல்தான் காரணம் என்று நான் நம்பவில்லை. யோசித்தால் அது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? செத்த ஓதத்தில் நீரோட்டம் குறைவு, படகுக்காரனுக்கு அதுதான் வசதி. கடற்கரைக்காரன் விதி எழுதியிருந்தால் அமாவாசையில் ஜாக்கிரதை என்றல்லவா எழுதியிருப்பான். அம்மா சொன்னது ஜோசியத்தால் சொன்னது. அவர் கையில் இருந்த கணக்கு மட்டும் சரியான கணக்கு. நான் ஜோசியத்தைத் தூக்கிப்போட்ட வேகத்தில் கணக்கையும் சேர்த்துத் தூக்கிப்போட்டிருந்தேன். இதை அம்மாவிடம் சொன்னேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாது, அஷ்டமியில வந்த, ஒண்ணும் பார்க்கல" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் தசமி, காலை பத்தரைக்குப் போனோம். இறங்கு நேரம்தான், ஆனால் கடல் அரை மனதோடு இறங்கியிருந்தது. பாலத்தின் அடிவரை முழங்கால் நீரில் வழுக்கி வழுக்கிப் போய்த் தொட்டுவிட்டு வந்தோம். கலங்கிய நீருக்கடியில் ஏதேதோ கறுப்பாகத் தெரிந்தது. கணவர் படம் எடுத்தார். பார்த்தாயிற்று, பட்டியலில் ஒரு டிக் போடலாம். அடுத்த தீவான ஹேவ்லாக்குக்குப் போகும் கப்பலுக்கு நேரமாகிவிட்டது.

வழிகாட்டி எங்களை வழியனுப்பும்போது அம்மாவைப் பார்த்து, "ஓமாபோஷ்யா" என்றார், கையால் தூரத்தை மறுபடி அளந்து.

ஹேவ்லாக்கில் எடுத்த முடிவு

ஹேவ்லாக்கைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. ராதாநகர் கடற்கரையை 2004-ல் டைம் இதழ் ஆசியாவின் மிகச் சிறந்த கடற்கரை என்று எழுதியது. போய் நின்றால் ஏன் என்று கேட்கத் தோன்றாது. பின்னால் உயர்ந்த கடல் மகுவா மரங்கள், முன்னால் வளைந்து போகும் வெண்மணல். அந்தமானிலும் நம் ஊர் கடிகாரம்தான் என்பதால் ஐந்தேகாலுக்கே சூரியன் விழுந்துவிடுகிறது. எல்லோரும் விழுவதைப் படம் எடுத்துவிட்டு ஆறு மணிக்குள் கலைந்துவிடுகிறார்கள். நானும் எடுத்தேன். அந்த வெள்ளை மணலில் ஒரு பங்கு கிளிமீன்கள் பவளத்தைக் கடித்துத் தின்று கழித்தது என்று கணவரிடம் சொன்னேன். அவர் காலைத் தட்டிக்கொண்டார்.

ஆனால் அந்த இரண்டு நாளும் என் மனம் நீலில்தான் இருந்தது. ஒவ்வொரு நாளும் கடல் கொஞ்சம் அதிகமாக இறங்குவதை இங்கேயே பார்க்க முடிந்தது. ஏகாதசியில் இல்லாத பாறை துவாதசியில் தலைகாட்டியது. அடுத்தது பாராடாங், அப்புறம் ஊர் திரும்ப வேண்டும். பாராடாங் பயணம் ஜாரவா மக்களின் காட்டுக்கு நடுவே, காவலோடு, வரிசையாக வண்டிகள் போகும் பயணம். ஒருவர் வீட்டு முற்றத்தின் வழியாக ஜன்னலை மூடிக்கொண்டு போவது போல ஒரு கூச்சம் எனக்கு முதலிலிருந்தே இருந்தது. அதை விட்டுவிட்டு நீலுக்குத் திரும்பலாமா என்று வாய்வரை வரும், அமாவாசை ஞாபகம் வந்து அடங்கிவிடும். சத்தியம் செய்யாத குறையாக வாக்குக் கொடுத்தது நான்தானே.

துவாதசி இரவு சாப்பாட்டு மேசையில் அம்மா பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீன் வேண்டாம் என்று பருப்பு சொல்லியிருந்தார். தலையை நிமிர்த்தாமல், "தை அமாவாசைக்கு ஊர்ல இருக்கறவங்க எல்லாம் கடலைத் தேடி ராமேஸ்வரம் போறாங்க. நாம கடல்லேருந்து கெளம்பி வீட்டுக்குப் போறோம்" என்றார்.

நாங்கள் இருவரும் பேசவில்லை.

"பெரியவன் தர்ப்பணம் பண்ணிடுவான். அவன் பொண்டாட்டி சமைச்சுடுவா. நான் இங்க குளிச்சுட்டு இருந்துடறேன். அந்தத் தம்பி சொன்ன மாதிரி தண்ணி போகுதான்னு பாக்கணும்."

இந்தப் பயணத்தில் எனக்கு முக்கியமான நிமிடம் அதுதான், பாலமும் இல்லை, பவளமும் இல்லை. அப்பா போனதிலிருந்து அம்மா எந்தச் சடங்கையும் அரை அங்குலம்கூட நகர்த்தியதில்லை. காக்கைக்கு வைக்கும் சோற்றில் நெய் மறந்தால் மறுபடி வைப்பவர். அவர் ஒரு தேதியை, அதுவும் இந்தத் தேதியை, தண்ணீர் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்க வீட்டிலிருந்து பெயர்த்து எடுத்து இங்கே வைக்கிறார். என்ன சொல்வதென்று தெரியாமல் நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன். விமான டிக்கெட்டை இரண்டு நாள் தள்ளிப்போட எவ்வளவு தண்டம் கட்டினோம் என்பதை இங்கே எழுத மாட்டேன், கணவர் இதைப் படிப்பார். பாராடாங் பணம் திரும்ப வரவில்லை.

அமாவாசை

தை அமாவாசைக் காலை ஒன்பது மணிக்குப் பரத்பூர் கடற்கரையில் கடல் விளிம்புவரை நிறைந்திருந்தது. அமாவாசையில் இறக்கம் மட்டுமா பெரிது, ஏற்றமும்தான். அம்மா புடவையோடு இறங்கி மூன்று முறை மூழ்கி எழுந்தார். விடுதிக்காரரின் மனைவி அடுப்பைக் கொடுத்தார். சாதம், பருப்பு, நீல் தீவு வாழைக்காய். மதில் மேல் இலையில் வைத்ததும் வந்தது அண்டங்காக்கை, நம் ஊரில் மதிலுக்கு வரும் சாம்பல் கழுத்துக்காரன் இல்லை. முழுக் கறுப்பு, தடித்த அலகு. அம்மா அதை ஏற இறங்கப் பார்த்தார். "இவரு கொஞ்சம் கம்பீரமா இருக்காரு" என்றார்.

மூன்று மணிக்கு லக்ஷ்மண்பூர் போனோம். வழிகாட்டி அம்மாவைப் பார்த்ததும் கை கூப்பினார், ஜெயித்தவர் சிரிப்போடு.

கடல் போயிருந்தது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஆறு நாள் முன்பு அலை அடித்த வளைவு உலர்ந்து நின்றது, அதைத் தாண்டியும் பாறைத்தளம் நீண்டு போனது, வெகு தூரத்தில் வெள்ளைக் கோடாக அலை. நான் பாலத்தைப் பார்க்கவே இல்லை, நிஜமாக. கால்களுக்குக் கீழே இருந்ததைப் பார்த்தேன். படத்தில் கண்ணாடித் துண்டுகளாகத் தெரிந்த குட்டை ஒவ்வொன்றும் ஒரு குடித்தனம். கறுப்புக் கடல் அட்டைகள் மணலை வாயில் போட்டுச் சலித்துக்கொண்டிருந்தன. பாறை இடுக்கிலிருந்து மெல்லிய கைகளை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒருவகை நட்சத்திரமீன். கைகளை எண்ணுவதற்குள் உள்ளே இழுத்துக்கொண்டது. மூளை போல மடிப்பு மடிப்பாகப் பவளம். பாறையில் பாதி புதைந்த ராட்சதச் சிப்பி ஒன்று நீலமும் ஊதாவும் கலந்த உதடுகளைத் திறந்துவைத்திருந்தது. அந்த உதட்டுக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன, வெயிலை வாங்கி அவை சமைப்பதில்தான் சிப்பிக்குப் பாதிச் சாப்பாடு. அதனால்தான் வெயில் படும் ஆழமில்லா இடத்தில், வாயைத் திறந்து உட்கார்ந்திருக்கிறது. என் நிழல் மேலே விழுந்ததும் படக்கென்று சுருங்கியது. ஒரு சங்கு நடந்து போனது, குனிந்து பார்த்தால் உள்ளே முனிவன் நண்டு. இத்தனைக்கும் மேலே ஐந்து நாள் முன்பு முழங்கால் நீரில் நடந்து, பாறையைத் தொட்டு, டிக் போட்டுவிட்டுப் போயிருக்கிறேன்.

நடந்திருக்கிறேன் என்பதுதான் அடுத்த பிரச்சினை.

ஏனென்றால் இன்றைக்குக் கூட்டம். ஓத அட்டவணை தெரிந்த ஏற்பாட்டாளர்கள் எல்லோரும் தங்கள் ஆட்களைச் சரியாக இந்த நேரத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு வழிகாட்டி கடல் அட்டையை வெளியே எடுத்துக் கைக்குக் கை கொடுத்தார், ஒரு பையன் அதைப் பிழிந்து பார்த்தான். செருப்புக் கால்கள் எதன்மேல் என்று பார்க்காமல் மிதித்துப் போயின. கடினப் பவளங்களும் கடல் அட்டைகளும் 2001-லிருந்து சட்டத்தில் புலிக்கும் யானைக்கும் சமமான பாதுகாப்பில் இருப்பவை. செத்த பவளத் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தால்கூட விமான நிலையத்தில் பிடித்துவிடுவார்கள். மிதிப்பதற்கு யாரும் பிடிப்பதில்லை. 2010-லும் 2016-லும் கடல் சூடேறி அந்தமான் பவளங்கள் வெளுத்தன, நிறைய செத்தன. அதற்குத் தப்பி மீண்டவைதான் இவை. எங்கள் வழிகாட்டி நல்லவர். வெறும் பாறை எது, உயிருள்ளது எது என்று குச்சியால் காட்டிக்கொண்டே போனார். இருந்தாலும் எனக்குக் கணக்கு இடித்தது. எல்லாவற்றையும் பார்க்க முடியும் நேரமும் எல்லாவற்றையும் நசுக்க முடியும் நேரமும் ஒன்றாகவே இருக்கிறது. அஷ்டமி நவமியில் கடல் இவற்றின்மேல் கதவைச் சாத்திவைக்கிறது. அதை நான் ஏமாற்றம் என்று எழுதியிருந்தேன், டைரியில்.

திரும்பிப் பார்த்தேன். அம்மா வரவில்லை. மணல் முடிந்து பாறை தொடங்கும் இடத்தில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முழங்கால் வலி என்று நினைத்துத் திரும்பிப் போனேன். கையைப் பிடித்துக்கொள்கிறேன், மெதுவாக வரலாம் என்றேன்.

"எல்லாம் உசுரோட இருக்குடி" என்றார். "நான் எங்கே காலை வைக்கிறது?"

இந்தக் காட்சிக்காக அமாவாசையை வீட்டிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்தவர் அவர். கடைசி இருபதடியை நடக்கவில்லை. அவர் காலடியில் ஒரு சின்னக் குட்டை இருந்தது, சாப்பாட்டுத் தட்டு அளவு. அதன் பக்கத்தில் மணலில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். கணவர் பாலம்வரை போய்ப் படம் எடுத்துவந்தார். அந்த மாதிரி வளைவு நிரந்தரம் இல்லை. மால்டா நாட்டில் உலகம் முழுக்கப் புகழ்பெற்ற கடல் வளைவு 2017-ல் ஒரு புயலில் இடிந்து விழுந்தது. இதுவும் ஒரு நாள் விழும். அதனால் படம் எடுத்தது நல்லதுதான்.

தட்டு அளவு குட்டையில் விரல் நீள மீன் ஒன்று, இரண்டு இறால், காசு அளவு நண்டு. நண்டு வெளியே வரும், எங்களைப் பார்க்கும், உள்ளே போகும். ஒரு மணி நேரத்துக்கு மேல் அதைத்தான் பார்த்தோம். நாலரைக்குக் கூட்டம் கலைந்தது, சூரிய அஸ்தமனம் வேறு கடற்கரையில். வெள்ளைக் கோடு முதலில் அசையாதது போல இருந்தது, அப்புறம் கிட்டே வந்திருந்தது. நீர் அலையாக வரவில்லை. பாறைப் பிளவுகளுக்குள்ளே சத்தமில்லாமல் மேலேறி, ஒரு குட்டையை இன்னொரு குட்டையோடு சேர்த்தது. வழிகாட்டி கடைசி ஆளாகக் குச்சியோடு திரும்பி வந்து எங்கள் பக்கத்தில் நின்றார். எழுந்திருங்கள் என்று சொல்லவில்லை.

எங்கள் குட்டைக்கும் நீர் வந்துவிட்டது. மீன் ஒரு சுற்று சுற்றிவிட்டு, திறந்த பக்கமாகப் போய்விட்டது. அம்மா புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.